மூணு வாரப் பட்டாளம்: வாசகர் கேள்வி, நம்ம பதில்

போன தடவை ராணுவமே இல்லாத நாடுகள் பத்தி ஒரு கேள்விக்கு பதில் சொல்றப்போ, போற போக்குல சுவிட்சர்லாந்து பத்தி ஒரு வரி எழுதிட்டேன், யார் சண்டைக்கும் போகாத நாடு ஆனா வீட்டுக்கு ஒரு துப்பாக்கி வெச்சிருக்கும்னு. அந்த ஒரு வரி கிளப்பிவிட்ட கேள்விகளே இந்த தடவை பக்கம் முழுக்க ரொம்பிடுச்சு. மத்தவங்க கோச்சுக்காதீங்க, அடுத்த தடவை பாத்துக்கலாம்.

கேள்வி: நடுநிலை நாடுன்னு சொல்லிட்டு எதுக்கு சார் ஆர்மி? யாரும் அடிக்க வரமாட்டாங்கன்னுதானே நடுநிலை?

அப்படி இல்லீங்க. நடுநிலைன்னா "நான் யார் பக்கமும் இல்ல"ன்னு சொன்னா மட்டும் போதாது, "என் நிலத்து வழியா நீயும் போகக்கூடாது, அவனும் போகக்கூடாது"ன்னு தடுக்கவும் தெம்பு இருக்கணும். 1907 ஹேக் ஒப்பந்தம் இதை ஒரு கடமையாவே எழுதி வெச்சிருக்கு. 1815ல வியன்னா மாநாட்டுக்கு அப்புறம் பெரிய நாடுகள் எல்லாம் சேர்ந்து சுவிஸ் நடுநிலையை ஏத்துக்கிட்டாங்க சரி, ஆனா காகிதத்துல ஏத்துக்கிறது வேற, வாசல்ல ஆள் வந்து நிக்கிறது வேற.

அப்படி நெஜமாவே வாசல்ல வந்து நின்ன கதை ஒண்ணு இருக்கு. 1871 பிப்ரவரி மாசம், பிரஷ்யாகாரன்கிட்ட, அதாவது ஜெர்மன்காரன்கிட்ட, தோத்துப்போன பிரெஞ்சு ஜெனரல் பூர்பாக்கியோட படை, கிட்டத்தட்ட 87,000 பேரு, கொட்டற பனியில லே வெரியேர்ங்கிற எல்லை ஊர்ல வந்து நிக்குது. பாதி பேர் கால்ல ஷூ கிடையாது, குதிரைங்க பசி தாங்காம ஒண்ணோட வால் முடியை ஒண்ணு கடிச்சுக்கிட்டு நிக்குதுன்னு சொல்வாங்க. சுவிஸ் தளபதி ஹான்ஸ் ஹெர்சோக் போட்ட ஒரே கண்டிஷன், ஆயுதத்தை எல்லாம் இங்கயே போட்டுட்டு உள்ள வா. ரோட்டோரம் துப்பாக்கி மலை மாதிரி குவிஞ்சு கிடக்க, அத்தனை பேரையும் உள்ள விட்டு, நாடு முழுக்க ஊர் ஊரா பிரிச்சு அனுப்பி சோறு போட்டு பாத்துக்கிட்டாங்க. லூசெர்ன்ல இந்த காட்சியை வட்டமா நூறு மீட்டருக்கும் மேல நீளமா வரைஞ்ச ஓவியம் இன்னிக்கும் இருக்கு, வரைஞ்சவர் அந்த படையோடயே செஞ்சிலுவை வாலண்டியரா இருந்தவர். எல்லையில ஒரு படை இல்லாம இருந்திருந்தா அந்த 87,000 பேரும் துப்பாக்கியோடவே உள்ள வந்திருப்பாங்க, பின்னாடியே பிரஷ்யாகாரனும் வந்திருப்பான். உங்க கேள்விக்கு பதில் அவ்வளவுதான்.

கேள்வி (சூரிச்ல இருந்து ஒரு அம்மா): என்ர மகனுக்குப் போன மாசம் 18 முடிஞ்சுது. ஆர்மியில இருந்து கடிதம் வந்திருக்கு. நாங்கள் யுத்தத்தைக் கண்டு ஓடி வந்த ஆக்கள். இப்ப இங்க பிள்ளையைத் துவக்குத் தூக்கச் சொல்லினமோ? கட்டாயம் போகத்தான் வேணுமோ?

அக்கா, மொதல்ல பயப்படாதீங்க. அந்த கடிதம் படைக்கு இழுத்துட்டு போற கடிதம் இல்ல, ஒருநாள் வந்து உக்காந்து என்னென்ன வழி இருக்குன்னு கேட்டுட்டு போங்கற கடிதம். ஆனா ஒண்ணு, தம்பிகிட்ட சுவிஸ் பாஸ்போர்ட் இருக்குன்னா ஆம்பளப் பிள்ளைக்கு இது கட்டாயம்தான், அரசியல் சட்டத்துலயே இருக்கு. வெறும் பெர்மிட்டுல இருக்கறவங்களுக்கு கிடையாது. பொம்பளப் பிள்ளைங்க விருப்பப்பட்டா போகலாம், 2004ல இருந்து எல்லா வேலையும் அவங்களுக்கும் திறந்திருக்கு.

அடுத்தது ரெண்டு மூணு நாள் செலக்‌ஷன். டாக்டர் பாப்பாங்க, மனநிலை பத்தி கேள்வித்தாள் குடுப்பாங்க, அப்புறம் ஃபிட்னஸ் டெஸ்ட், நின்ன இடத்துலேர்ந்து நீளமா தாண்டறது, உக்காந்துகிட்டு 2 கிலோ பந்தை எறியறது, ஒத்தக்கால்ல நிக்கறது, முழங்கையை ஊனிக்கிட்டு உடம்பை பலகை மாதிரி தாங்கறது, கடைசில ஓட்டம். அது முடிஞ்சா தகுதியா இல்லையான்னு அங்கயே சொல்லிடுவாங்க. தகுதின்னா 18 வாரம் ரெக்ரூட் ஸ்கூல், அதுக்கப்புறம் வருஷத்துக்கு 3 வாரம்னு 6 தடவை போகணும், மொத்தம் ஒரு சாதாரண சிப்பாய்க்கு 245 நாள் கணக்கு. வெள்ளி சனி சூரிச் ஸ்டேஷன்ல பெரிய மூட்டையை முதுகுல போட்டுக்கிட்டு யூனிஃபார்ம்ல தூங்கி விழற பசங்களை பாத்திருப்பீங்களே, அவங்கதான் இவங்க. வீட்டுக்கு துணி துவைக்க வர்றாங்க, ஞாயித்துக்கிழமை திரும்ப போயிடுவாங்க. சிலர் இந்த வருஷா வருஷம் போற தொல்லை வேண்டாம்னு 300 நாளையும் ஒரேமூச்சுல முடிச்சுடுவாங்க, அதுக்கும் வழி உண்டு.

இனி துவக்கு விஷயம். மனசு ஒப்பலைன்னா சிவில்டீன்ஸ்ட்னு மாத்து சேவை இருக்கு, முதியோர் இல்லம், ஆஸ்பத்திரி, ஸ்கூல், மலைப்பண்ணை இப்படி. ஆனா நாள் கணக்கு ஒன்றரை மடங்கு. ஒரு காலத்துல மறுத்தவனை ஜெயில்லதான் போட்டாங்க, 1996லதான் இந்த வழியே வந்தது, அதுக்கப்புறமும் ஒரு கமிட்டி முன்னாடி போய் நின்னு மனசாட்சியை நிரூபிக்கணும்னு வெச்சிருந்தாங்க, 2009ல அதையும் எடுத்துட்டாங்க. இப்ப நான் ஒன்றரை மடங்கு நாள் செய்யத் தயார்னு சொல்றதே போதும். ரெண்டும் செய்யலைன்னா வரி, வருமானத்துல 3 சதவீதம், குறைஞ்சது 400 ஃபிராங்க், அதிகபட்சம் 11 தடவை கட்டணும். இதுல ஒரு வேடிக்கை, சர்க்கரை நோய் இருந்த ஒருத்தர் நான் படைக்கு வரேன்னு கெஞ்ச, உடம்பு தகுதி இல்லன்னு சொல்லிட்டு, ஆனா வரியை விலக்கற அளவுக்கு நீ நோயாளியும் இல்லன்னு பில் அனுப்பிட்டாங்க. அவர் ஐரோப்பிய மனித உரிமை கோர்ட் வரைக்கும் போய் 2009ல ஜெயிச்சாரு.

முடிவை தம்பிகிட்டயே விடுங்கக்கா. நீங்க பாத்த யுத்தம் வேற, அவன் பாக்கப்போறது வேற. ஆனா உங்களுக்கு ஏன் அந்த கடிதம் வயித்தை பிசையுதுன்னு அவன்கிட்ட ஒருநாள் உக்காந்து சொல்லிடுங்க, அது அவனுக்கு தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம்.

கேள்வி: வீட்டுலயே ஆர்மி துப்பாக்கி வெச்சிருப்பாங்களாமே, நெஜமா?

நெஜம். ஸ்டுர்ம்கெவேர் 90ங்கிற அசால்ட் ரைஃபிள், அலமாரியிலயோ பேஸ்மென்ட்லயோ இருக்கும். முன்னெல்லாம் சீல் வெச்ச டப்பால தோட்டாவும் சேத்து குடுத்தாங்க, போருக்கு கூப்பிடற மொபிலைசேஷன் ஆர்டர் வந்தா வழியில சண்டை போட்டுக்கிட்டே படைக்கு போய் சேரணும்ங்கறது அந்த காலத்து கணக்கு. 2007ல அந்த டப்பாவை திரும்ப வாங்க முடிவு பண்ணிட்டாங்க, இப்ப துப்பாக்கி மட்டும்தான். வீட்டுல வேண்டாம்னா ஆயுதக் கிடங்குலயே இலவசமா வெச்சுக்கலாம்.

இதோட ஒட்டுன இன்னொரு சடங்கு இருக்கு, "ஒப்ளிகாட்டோரிஷ்"னு சொல்வாங்க, கட்டாயம்னு அர்த்தம். வருஷா வருஷம் ஆகஸ்ட் முடியறதுக்குள்ள ஊர் ஷூட்டிங் கிளப்புக்கு போய் 300 மீட்டர் தூரத்துல 20 ரவுண்டு சுட்டு 85க்கு 42 பாயின்ட்டாவது எடுக்கணும், மூணு தடவைக்கு மேல குறி முழுசா தப்பக்கூடாது. சனிக்கிழமை ரயில்ல பேங்க் கிளார்க் மாதிரி இருக்கற ஒருத்தர் தோள்ல ரைஃபிளை மாட்டிக்கிட்டு ஜன்னலோரம் உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டு வருவார், எதிர் சீட்டுல இருக்கற டூரிஸ்ட்டுக்குத்தான் வேர்த்துக் கொட்டும்.

கேள்வி: ஆர்மி எப்படி பிரிச்சிருக்காங்க? தலைமை ஜெனரல் யாரு?

ஜெனரலே கிடையாது! இதான் எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம். அமைதி காலத்துல உச்சத்துல இருக்கறவர் மூணு நட்சத்திரம் போட்ட கார்ப்ஸ் கமாண்டர்தான். ஜெனரல் பதவி ஆபத்து வந்தா மட்டும், பார்லிமென்ட் ரெண்டு சபையும் சேர்ந்து ஓட்டுப்போட்டு ஒருத்தரை தேர்ந்தெடுக்கும், வேலை முடிஞ்சா பதவியும் முடிஞ்சுது. 1848ல இருந்து இன்னிவரைக்கும் மொத்தமே நாலே பேர்தான்: டுஃபூர், மேல சொன்ன ஹெர்சோக், முதல் உலகப்போர்ல வில்லே, ரெண்டாவதுல கீசான்.

இதுல டுஃபூர் தனி ரகம். 1847ல கத்தோலிக்க மாகாணங்கள் தனியா ஒரு கூட்டணி கட்டுனப்போ நடந்த உள்நாட்டுப் போரை ஒரு மாசத்துக்குள்ள முடிச்சாரு, ரெண்டு பக்கமும் சேத்து செத்தவங்க சுமார் நூறு பேர்தான், காயம்பட்ட எதிரியை நம்மாளு மாதிரியே பாத்துக்கணும்னு ஆர்டர். அந்தப் போர் முடிஞ்ச அடுத்த வருஷம் பொறந்ததுதான் இப்ப இருக்கற சுவிட்சர்லாந்து. பின்னாடி 1863ல செஞ்சிலுவையை ஆரம்பிச்ச அஞ்சு பேர்ல இவரும் ஒருத்தர், நாட்டோட முதல் துல்லியமான மேப்பும் இவர் தலைமையிலதான் வந்தது, அதனால 4,634 மீட்டர் உசரத்துல இருக்கற அவங்க உச்சி சிகரத்துக்கே இவர் பேரு. வில்லே அதுக்கு நேர் எதிர், ஜெர்மன் பைத்தியம், பொண்டாட்டி பிஸ்மார்க் குடும்பத்து பொண்ணு, 1915ல ஜெர்மனி பக்கம் போர்ல சேரலாமேங்கிற தொனியில அரசாங்கத்துக்கே லெட்டர் எழுதி மாட்டிக்கிட்டாரு. பிரெஞ்சு பேசற மாகாணங்கள் கொந்தளிச்சுப்போச்சு.

இப்போதைய அமைப்பை சுருக்கமா சொல்லிடறேன், ஏன்னா அது அடிக்கடி மாறும். தரைப்படையில டாங்கி, கவச வண்டி வெச்ச மூணு யந்திரப் பிரிகேடு, இது தவிர நாலு பிராந்திய டிவிஷன், வெள்ளம் நிலச்சரிவுன்னா மொதல்ல வந்து நிக்கறது இவங்கதான். அப்புறம் விமானப்படை, லாஜிஸ்டிக்ஸ், ட்ரெய்னிங், இப்ப புதுசா சைபர். பட்டாளத்தை மொழிவாரியா பிரிச்சிருப்பாங்க, ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன்னு. முழுநேர ஆள் சுமார் 5 சதவீதம் மட்டும்தான், மீதி எல்லாரும் எங்கயோ வேலை பாக்கறவங்க, கம்பெனியில மேனேஜரா இருக்கறவர் இங்க வந்து தன் ஆபீஸ் டிரைவர்கிட்ட சல்யூட் அடிச்சு நிக்கற கூத்தெல்லாம் நடக்கும். ஆள்பலம்னு பாத்தா 1960கள்ல 6 லட்சத்துக்கு மேல, 1995ல 4 லட்சம், 2018 சீர்திருத்தத்துக்கு அப்புறம் 1 லட்சம்னு இலக்கு. பட்டாளம் தேஞ்சுக்கிட்டே வந்திருக்கு.

கேள்வி: கடலே இல்லாத நாட்டுல நேவி இருக்கா?

கடல் இல்ல, ஏரி இருக்கே. ஜெனீவா, கான்ஸ்டன்ஸ், லுகானோ, மஜோரே ஏரிகள் எல்லாம் பக்கத்து நாட்டோட பங்கு. மெஷின் கன் வெச்ச ரோந்துப் படகுக்குன்னே ஒரு கம்பெனி, அதாவது ஒரு சிப்பாய் அணி, வெச்சிருக்காங்க.

கேள்வி: திப்பு சுல்தானுக்கு எதிரா சுவிஸ்காரங்க சண்டை போட்டாங்கன்னு ஒருத்தர் சொன்னாரு. கதை விடறாரா?

கதை இல்லீங்க. 1799ல ஸ்ரீரங்கப்பட்டணத்தை வெள்ளைக்காரன் பிடிச்சப்போ அந்த படையில "டி மெரோன் ரெஜிமென்ட்"னு ஒண்ணு இருந்தது. இப்ப சுவிட்சர்லாந்துல இருக்கற நியூஷாத்தல்ல 1781ல சேர்த்த கூலிப்படை அது, மொதல்ல டச்சு கம்பெனிக்காக இலங்கையில காவல் இருந்தாங்க. 1795ல ஒரு ஸ்காட்லாந்து புரொஃபசர், கிளெக்ஹார்ன்னு பேரு, ரெஜிமென்ட் ஓனரை பிடிச்சு டீல் பேசி மொத்தமா பிரிட்டிஷ் பக்கம் மாத்திட்டாரு. அந்த ரகசிய தகவல் கொழும்புக்கு ஒரு டச்சு சீஸ் உருண்டைக்குள்ள போச்சுன்னு சொல்வாங்க. டச்சுக்காரனுக்கு படையில பெரும்பகுதி போச்சு, 1796ல கொழும்பும் போச்சு. ஸ்ரீரங்கப்பட்டணம் பழைய கல்லறையில அந்த ரெஜிமென்ட் ஆளுங்க பேரு இன்னிக்கும் கல்லுல இருக்கு.

அந்த காலத்து சுவிட்சர்லாந்தோட ஏற்றுமதியே ஆளுதான். மலை நாடு, விளைச்சல் கம்மி, வீட்டுல நாலு பசங்க, ரெண்டு பேரை அடுத்தவன் சண்டைக்கு அனுப்பிடறது. "காசு இல்லைன்னா சுவிஸ்காரனும் இல்ல"ன்னு பிரான்ஸ்ல பழமொழியே உண்டு. 1515ல மரிஞ்ஞானோல பிரெஞ்சு ராஜாகிட்ட பலமா அடி வாங்குனதுக்கு அப்புறம் நாடு பிடிக்கற ஆசையை விட்டாங்களே ஒழிய இந்த தொழிலை விடல. 1792 ஆகஸ்ட் 10, பாரிஸ்ல அரண்மனைக்கு காவல் நின்னு நூத்துக்கணக்குல செத்தது இவங்கதான், லூசெர்ன் பாறையில சாகக் கிடக்கற சிங்கம் ஒண்ணு செதுக்கியிருக்கே, அது அவங்களுக்குத்தான். 1859ல சட்டம் போட்டு கூலிப்படையை நிறுத்துனாங்க. மிச்சம் இருக்கறது வாடிகன் காவலர்கள் மட்டும், 1506ல ஆரம்பிச்சது, அதுல சேரவும் மொதல்ல சுவிஸ் ஆர்மியில ரெக்ரூட் ஸ்கூல் முடிச்சிருக்கணும்.

கேள்வி: ஹிட்லர் ஏன் சுவிட்சர்லாந்தை தொடல? ஆர்மிக்கு பயந்தா?

இதுக்கு சுவிஸ்காரங்களே ரெண்டு கட்சியா பிரிஞ்சு சண்டை போடுவாங்க, நானும் கொஞ்சம் மாட்டிக்கறேன்.

1939 ஆகஸ்ட் 30 கீசானை ஜெனரலா தேர்ந்தெடுத்தாங்க, போர் ஆரம்பிச்சதும் 4 லட்சத்துக்கு மேல சிப்பாய்ங்க ரெண்டு மூணு நாள்ல எல்லைக்கு போயாச்சு. அடுத்த வருஷம் ஜூன்ல பிரான்ஸ் விழுந்ததும் நாலு பக்கமும் ஹிட்லர், முசோலினி ஆளுங்கதான். ஜூலை 25 கீசான் ஒரு காரியம் பண்ணாரு, 400க்கும் மேல இருந்த மூத்த அதிகாரிங்க அத்தனை பேரையும் ஒரே நீராவிக் கப்பல்ல ஏத்தி ரூட்லி புல்வெளிக்கு கூட்டிட்டு போனாரு, சுவிஸ் நாடு சத்தியம் பண்ணி பொறந்ததா சொல்ற இடம் அது. நெனச்சு பாருங்க, மொத்த பட்டாளத்தோட மூளையும் ஒரே படகுல, ஒரு குண்டு போதும். அங்க புல்லுல நிக்க வெச்சு சொன்ன பிளான்தான் ரெடுவீ: சமவெளியை காக்க முடியாது, படை ஆல்ப்ஸ் மலைக்குள்ள போயிடும், சார்கான்ஸ், கோத்தார்ட், செயின்ட் மொரீஸ்னு மூணு கோட்டைப் பகுதிய பிடிச்சுக்கிட்டு நிக்கும். வந்தா ரயில் சுரங்கத்தை எல்லாம் வெடி வெச்சு மூடிடுவோம், அப்புறம் உனக்கு கிடைக்கறது வெறும் பாறைதான்.

கேக்க வீரமா இருக்குல்ல? ஆனா சமவெளிலதான் சூரிச், பெர்ன், ஜெனீவா, அந்த சிப்பாய்ங்களோட பொண்டாட்டி புள்ளைங்க எல்லாம் இருந்தாங்க. அவங்களை விட்டுட்டு மலையேறச் சொன்ன பிளான் அது. ஜெர்மனியும் டானென்பாம்னு படையெடுப்பு பிளான் போட்டு வெச்சிருந்தது, கடைசி வரை எடுக்கல. ஏன்னா எடுக்கறதைவிட எடுக்காம இருக்கறதுல லாபம், கோத்தார்ட் வழியா இத்தாலிக்கு நிலக்கரி ஓடிக்கிட்டே இருந்தது, ஜெர்மனி கொண்டுவந்த தங்கத்தை சுவிஸ் பேங்க் வாங்கி ஃபிராங்க் குடுத்தது, ஃபேக்டரிங்க பீரங்கி பார்ட்ஸ் செஞ்சு குடுத்தது. 1942 ஆகஸ்ட்ல யூத அகதிங்களுக்கு எல்லையை மூடுனதும் இதே நாடுதான். 1996ல அரசாங்கமே பெர்ஜியே கமிஷன்னு வெச்சு இதையெல்லாம் தோண்டி எடுத்தப்போ, எல்லையில ராப்பகலா நின்ன கிழவங்க பலருக்கு மனசு ஒடைஞ்சு போச்சு. என்னைக் கேட்டா அந்த கிழவங்க நின்னதும் பொய் இல்ல, தங்கம் போனதும் பொய் இல்ல. படை விலையை ஏத்துச்சு, பேங்க் லாபத்தை காட்டுச்சு, ஹிட்லர் கணக்கு போட்டு தள்ளி வெச்சான்.

கேள்வி: அந்த மலைக் கோட்டைங்க எல்லாம் இப்ப என்ன ஆச்சு?

ஒண்ணு ரெண்டு ஹோட்டல், சிலது மியூசியம், சிலது டேட்டா சென்டர், சிலதுல சீஸ் பழுக்க வெக்கறாங்க. வெளியில பாத்தா மரவீடு, கிட்ட போனா ஜன்னலும் திரையும் கான்கிரீட் மேல பெயின்ட்ல வரைஞ்சது. வோ மாகாணத்துல டாங்கியை தடுக்க 9 டன் கான்கிரீட் பல்லுங்க வரிசையா 10 கிலோமீட்டருக்கு நிக்கும், டோப்ளரோன் சாக்லேட் மாதிரி இருக்குன்னு டோப்ளரோன் லைன்னே பேரு, இப்ப அது வாக்கிங் பாதை.

எல்லாம் இப்படி இனிப்பா முடியல. மிட்ஹோல்ஸ்னு ஒரு மலை கிராமம், பக்கத்து பாறைக்குள்ள 7,000 டன் வெடிமருந்து அடுக்கி வெச்சிருந்தாங்க, 1947 டிசம்பர் 19 ராத்திரி பாதி வெடிச்சு 9 பேர் செத்தாங்க, ரயில்வே ஸ்டேஷனே காணாம போச்சு. மீதி மண்ணுக்கடியிலயே இருக்கட்டும், ஒண்ணும் ஆகாதுன்னு மூடிட்டு ஊரை திரும்ப கட்டுனாங்க. எழுபது வருஷம் கழிச்சு 2018ல மறுபடி கணக்கு பாத்தா, ஆகும்! இப்ப அதை சுத்தம் பண்ண பத்து வருஷத்துக்கு மேல ஊர் சனம் வீட்டை விட்டு போகணும். மூணு தலைமுறையா வெடிகுண்டு மேல தொட்டில் கட்டி தூங்கியிருக்காங்க.

கேள்வி: ஆர்மியே வேண்டாம்னு அங்க ஓட்டெடுப்பு நடந்துதாமே?

1989 நவம்பர் 26, பெர்லின் சுவர் விழுந்து பதினேழே நாள் கழிச்சு. தோத்துடுச்சு, ஆனா 35.6 சதவீதம் பேர் கலைச்சுடலாம்னாங்க, பத்து லட்சத்துக்கு மேல ஓட்டு, பெரிய அதிகாரிங்களுக்கு அன்னிக்கு தூக்கம் போச்சு. அதுக்கப்புறம்தான் சீர்திருத்தம், ஆள் குறைப்பு எல்லாம். 2013ல கட்டாய சேவையை எடுக்கலாமான்னு கேட்டதுக்கு 73 சதவீதம் வேண்டாம்னுட்டாங்க. ஃபைட்டர் விமானம் வாங்கவே மக்கள் ஓட்டுதான், 2014ல ஸ்வீடன் கிரிப்பனை நிராகரிச்சாங்க, 2020ல புது விமானத்துக்கு 600 கோடி ஃபிராங்க் வரை செலவு பண்ணலாமான்னு கேட்டதுக்கு 50.1 சதவீதம் சரின்னு, 9,000 ஓட்டுக்கும் கம்மியான வித்தியாசத்துல தப்பிச்சுது. அதுல எஃப்-35ஐ பொறுக்குனாங்க, 2025ல அமெரிக்கா விலை ஏறுதுன்னு கூடுதலா கேட்க, மறுபடி மொதல்லேர்ந்து சண்டை.

கேள்வி: அந்த ஆர்மிக்கு ஆபீஸ் டைம் உண்டுன்னு கிண்டல் பண்றாங்களே?

கிண்டல் இல்ல, ரெக்கார்டு. 2014 பிப்ரவரி 17 விடியக்காலை, எத்தியோப்பியா விமானம் ஒண்ணை அதோட கோ-பைலட்டே, கேப்டன் பாத்ரூம் போன நேரத்துல கதவை பூட்டிக்கிட்டு, ஜெனீவாவுக்கு கடத்திட்டு வந்துட்டாரு. கூடவே காவலுக்கு பறந்தது இத்தாலி, பிரான்ஸ் ஃபைட்டருங்க. சுவிஸ் ஃபைட்டர் எங்கன்னா, அது காலை 8 மணிக்குத்தான் வேலைக்கு வரும், மத்தியானம் லஞ்ச் பிரேக், சாயந்திரம் 5 மணிக்கு ஷட்டர். விமானம் இறங்குனது காலை 6 மணி. கடத்துன ஆளு காக்பிட் ஜன்னல்லேர்ந்து கயிறு கட்டி இறங்கி வந்து அடைக்கலம் கேட்டாரு. 24 மணி நேரமும் ரெண்டு விமானம் ரெடியா இருக்கற ஏற்பாடு 2020 டிசம்பர் கடைசி நாள்தான் வந்துச்சு. மொத்த பட்டாளமே பார்ட் டைமா இருக்கறப்போ விமானம் மட்டும் என்ன பண்ணும் பாவம்.

கேள்வி: சுவிஸ் ஆர்மி கத்தி நெஜமாவே ஆர்மி கத்தியா?

1891ல சிப்பாய்க்கு குடுத்தது நெஜம். புது ரைஃபிளை கழட்ட ஸ்க்ரூடிரைவர், டின் திறக்க ஒண்ணு, ஒரு பிளேடு, ஓட்டை போட ஒரு ஊசி, அவ்வளவுதான். முதல் லாட் ஜெர்மனியில செஞ்சு வந்தது, இதை எந்த சுவிஸ்காரர்கிட்டயும் சத்தமா சொல்லாதீங்க. நாம கடையில பாக்கற கார்க் திருகி வெச்ச சிவப்பு கத்தி 1897ல வந்த ஆபீசர் மாடல், அதை ஆர்மி சிப்பாய்க்கு குடுத்ததே இல்ல.

கேள்வி: இவ்வளவு பெருமை பேசறீங்களே, கடைசியா எப்ப வேற நாட்டுக்குள்ள புகுந்தாங்க?

2007 மார்ச் 1. ராத்திரி ட்ரெய்னிங், மழை, இருட்டு, சுமார் 170 சிப்பாய்ங்க வழி தப்பி லீக்டன்ஸ்டைன் நாட்டுக்குள்ள 2 கிலோமீட்டர் போயிட்டாங்க. கையில ரைஃபிள் இருந்தது, தோட்டா இல்ல. கம்பெனி கமாண்டருக்கு திடீர்னு சந்தேகம் வந்து எல்லாரையும் திருப்பிக் கூட்டிட்டு வந்துட்டாரு. லீக்டன்ஸ்டைன்காரங்களுக்கு படையெடுப்பு நடந்ததே, அடுத்து சுவிஸ் அரசாங்கம் போன் பண்ணி மன்னிப்பு கேட்டப்பதான் தெரியும்.